ஈரமில்லாத ஓட்டை

அந்த இஞ்சின் ஓடிய சத்தம் எனக்கு மறந்துபோய்விட்டது. அது நின்ற சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. முதலில், பேசவந்த ஒருவர் சொல்லை மறந்துவிட்டதுபோல ஒரு தடுமாற்றம். பிறகு இரண்டு இருமல். அதன்பிறகு படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டும் ஒலி மட்டும்.

"நாலு நிமிசம்," என்றார் மெக்கானிக் நஸீர் நானா, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "நேத்தும் நாலு, இண்டைக்கும் நாலு. நம்மட கிண்ணியா பஸ்ஸ விட நேரம் பாத்து நிக்கிது."

யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் ரூபன் இஞ்சினுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். முழங்கை வரை டீசல். கையிலிருந்த ஸ்பானரை அவர் எறியவில்லை, மெதுவாகத்தான் கீழே வைத்தார். அவர் எறிந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

மகள் அபிக்கு அப்போது ஒன்றரை வயது. அவளுடைய இடுப்பில் என் சால்வையைச் சுற்றி, மறுமுனையை மேசைக்காலில் கட்டியிருந்தேன். கடலுக்குள் விழுந்துவிடுவாள் என்ற பயம். நாங்கள் இருந்தது படகின் வயிற்றுக்குள். அங்கிருந்து கடலில் விழ வேண்டுமென்றால் ஐந்து படி ஏற வேண்டும். அவளோ அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ஆனாலும் கட்டினேன். கட்டிய பிறகு, முடிச்சு இறுகிவிட்டதோ என்று இரண்டு தடவை அவிழ்த்துப் பார்த்தேன்.

"ஆட்டுக்குட்டியையே கட்டி வச்சிருக்கிறாய்?" என்று ரூபன் காலையில் கேட்டிருந்தார். அன்று அவர் செய்த ஒரே பகிடி அது.

இஞ்சினுக்குள் காற்று

போன கிழமை இந்தப் பத்தியில் அபி பிறந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சிலர், உங்களுடைய கணவர் இப்போது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதென்றால் நான் ஒரு டீசல் இஞ்சினைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வேறு வழியில் அந்தக் கதைக்குள் போக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் உட்துறைமுகத்தில் சில வருடங்களுக்கு முன் ஒரு பாய்மரப் படகு மாதக்கணக்காக நங்கூரமிட்டுக் கிடந்தது. என்னைவிட வயது கூடிய படகு. அதன் சொந்தக்காரர் எழுபது தாண்டிய வெள்ளைக்காரர். நாங்கள் கப்டன் என்றுதான் கூப்பிட்டோம். ரூபன் அதற்குமுன் திமிங்கிலம் பார்க்க வரும் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனவர். கப்டனுக்கு ஒரு கை சரியாக வேலை செய்யாது என்பதால், ரூபன் அவருக்கு உதவிக்குச் சேர்ந்தார். கழுவுவது, பாய் தைப்பது, தண்ணீர் கொண்டுபோவது, இஞ்சின் பார்ப்பது.

எனக்கு அங்கே என்ன வேலை என்றால், மொழி. ரூபனுக்குத் தெரிந்த ஆங்கிலம், "இடப்பக்கம் பாருங்கள், எழும்பாதீர்கள்" என்ற அளவுதான். கப்டன் பேசுவதோ வாய்க்குள் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். நான் பட்டம் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் சிக்கலான விஷயம் வரும்போதெல்லாம் என்னையும் அபியையும் சின்ன வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

இஞ்சினின் கையேடும் ஆங்கிலத்தில். நான் வாசிப்பேன், ரூபன் செய்வார்.

டீசல் இஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அது ஓடாது. காற்றை வெளியே எடுக்க வேண்டும். "எயார் எடுக்கிறது" என்பார்கள். எண்ணெய் வடிகட்டியின் மேலே ஒரு சின்னத் திருகாணி இருக்கும். ஒருவர் அதைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர், இஞ்சினின் பக்கத்தில் விரல் நீளத்தில் இருக்கும் ஒரு லீவரை மேலும் கீழும் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க ஆணியைச் சுற்றி நுரை வரும், குமிழி வரும். பிறகு குமிழி இல்லாமல் சுத்தமான எண்ணெய் வரும். அந்த நேரத்தில் ஆணியை இறுக்க வேண்டும்.

ஆணி ரூபனுடையது. லீவர் என்னுடையது. நூறு தடவை அடித்தால் ஆட்காட்டி விரல் மரத்துப்போகும். வீட்டுக்குப் போய்க் கை கழுவினாலும் மணம் போகாது. அபி பால் குடிக்கும்போது என் விரலை மணந்து பார்த்து முகத்தைச் சுளிப்பாள். அவளுடைய உடம்புக்குள் டீசல் போகுமோ என்று நான் கடலைமாவு போட்டுத் தேய்ப்பேன், எலுமிச்சம்பழத்தால் தேய்ப்பேன், தோல் உரியும் வரைக்கும்.

நாங்கள் எயார் எடுத்தோம். இஞ்சின் ஓடியது. நான்கு நிமிடத்தில் நின்றது. திரும்ப ஆணியைத் தளர்த்தினால் திரும்பவும் நுரை. மூன்று நாட்கள் இதே கூத்து.

உங்கட விருப்பம்

அந்த இஞ்சின் ஓட வேண்டுமா, ஓடக்கூடாதா? உண்மையில் என்னுடைய பிரச்சினை அதுதான்.

காற்று மாறுமுன் படகை மேற்கே கொண்டுபோய், தன் நாட்டுப் பக்கத்துக் கடலில் விற்றுவிட வேண்டும் என்பது கப்டனுடைய திட்டம். தனியாகப் போக அவரால் ஏலாது. ரூபனைக் கேட்டார். போக வர மூன்று மாதம், திரும்பி வர விமான ரிக்கற் நான் எடுத்துத் தருவேன் என்றார்.

அன்று பின்னேரம் ரூபன் குசினி வாசலில் நின்று என்னைக் கேட்டார். "நான் போகட்டா?"

நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். "உங்கட விருப்பம்," என்றேன்.

இந்த இரண்டு சொற்களை நான் எத்தனை தடவை திரும்பத் திரும்ப நினைத்திருப்பேன். 'போகாதேங்கோ' என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு ஆம்பிளையின் முன்னேற்றத்தைத் தடுத்தவள் என்ற பெயர் வருமே என்று பயந்தேன். அம்மாவும் அப்படித்தான், பக்கத்துவீட்டு அக்காவும் அப்படித்தான். நல்ல பெண்சாதி என்றால் 'உங்கட விருப்பம்' என்று சொல்ல வேண்டும், பிறகு தேங்காய் துருவ வேண்டும். நான் அன்று தேங்காயும் துருவினேன்.

இஞ்சின் ஓடாத படகுக்குத் துறைமுகத்தை விட்டு வெளியேற அனுமதி கிடையாது. கப்டனின் தங்கும் அனுமதியோ அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வியாழக்கிழமை காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: நாளை மதியத்துக்குள் இஞ்சின் ஓடாவிட்டால் படகை இங்கேயே சங்கிலியில் விட்டுவிட்டு விமானத்தில் ஊருக்குப் போகிறேன். ரூபன் காவலுக்கு இருக்கட்டும்.

அதை நான் தமிழில் ரூபனுக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் சந்தோசம் தெரிந்துவிடக்கூடாது என்று கவனமாக இருந்தேன்.

ஈரம் தேடியவர்கள்

நஸீர் நானா கிண்ணியாவில் மீன்பிடிப் படகு இஞ்சின்களைத் திருத்துகிறவர். ரூபனுக்குத் தொழில் வழியில் பழக்கம். இரண்டு நாட்களாகத் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

இருவரும் குழாயின் ஒவ்வொரு பொருத்தையும் பழந்துணியால் துடைத்தார்கள். பிறகு பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒவ்வொன்றின் கீழும் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். எண்ணெய் ஒழுகினால் தாளில் வட்டமாகப் புள்ளி விழும். ஒரு புள்ளியும் விழவில்லை.

"எங்கயும் ஈரம் இல்ல தங்கச்சி," என்றார் நானா என்னைப் பார்த்து, ஏதோ நான்தான் ஒளித்து வைத்திருப்பதுபோல. "ஈரம் இல்லாட்டி ஓட்ட இல்ல. ஓட்ட இல்லாட்டிக் காத்து எங்கால வாற?"

"பம்புதான் பழுது," என்றார் ரூபன்.

"பம்ப நேத்துத்தானே கழட்டிப் பூட்டின?"

"அப்ப இஞ்சினுக்குப் பேய் பிடிச்சிருக்கு."

"பேய் எண்டா எனக்கிட்ட ஏன்டா வந்த? ஐயர்ட்டப் போயிருக்கணும் நீ."

அவர்கள் இருவரும் கெட்டிக்காரர்கள். அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் அவர்களுடைய கை பழகியது நம்முடைய மீன்பிடிப் படகுகளில். அந்தப் படகுகளில் எண்ணெய்த் தாங்கி இஞ்சினைவிட உயரத்தில் இருக்கும். எண்ணெய் தானாக இறங்கி வரும். பொருத்துத் தளர்ந்தால் எண்ணெய் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் இங்கே குழாயைக் கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கிவிடுவார்கள். கொஞ்சம் கசிந்தாலும் யாரும் கவலைப்படமாட்டார்கள். இஞ்சின் ஓடும்.

கப்டனின் படகில் தாங்கி தரைப்பலகைக்குக் கீழே, படகின் அடியில் இருந்தது. எண்ணெய் இறங்கி வருவதில்லை. இஞ்சின் அதைக் கீழேயிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். தாங்கியிலிருந்து வந்த பழைய குழாய் வெடித்திருந்ததால், ஒரு மாதத்துக்கு முன் ரூபன் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக்குழாய் போட்டிருந்தார். கட்டுக்கம்பி நாலு சுற்று. குறட்டால் ஒரு முறுக்கு. மிக நேர்த்தியான வேலை. நானே பார்த்து, வடிவாக் கட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கப்டனுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்கலாம். நான் பாய் பிடிக்கிற ஆள், இஞ்சினை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது என்று அவர் பெருமையாகச் சொல்வார். போகும் துறைமுகம் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு ரூபன் கிடைத்திருப்பான்.

பால் பக்கற்

வியாழக்கிழமை மதியம் இஞ்சின் திரும்பவும் நான்கு நிமிடத்தில் நின்றது. ஆண்கள் மூவரும் மேல்தளத்துக்குப் போய்விட்டார்கள். தேத்தண்ணிப் போத்தலும் அவர்களோடு போய்விட்டது. கீழே நானும் அபியும், சூடான இஞ்சினும்.

அபி சிணுங்கினாள். பையிலிருந்து ஒரு பால் பக்கற்றை எடுத்து, உறிஞ்சிக் குடிக்கும் ஸ்ட்ரோவைக் குத்திக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது பல் முளைக்கிற காலம். எதைக் கொடுத்தாலும் முதலில் கடிப்பாள். ஸ்ட்ரோவை நறநறவென்று கடித்தாள். பிறகு உறிஞ்சினாள். பால் வரவில்லை. கர்ர் என்று காற்றுச் சத்தம்தான் வந்தது. திரும்பவும் உறிஞ்சினாள். கொஞ்சம் பால், நிறையக் காற்று. கோபத்தில் பக்கற்றை என் மேல் எறிந்தாள்.

நான் ஸ்ட்ரோவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுவில் பல் பட்டு ஒரு கீறல். அந்தக் கீறலில் ஒரு துளி பால்கூட இல்லை.

விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

என் கண் தரைப்பலகையில் இருந்தது. அதன் கீழே நாலு சுற்றுக் கட்டுக்கம்பி. உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகாது, உள்ளே காற்றை இழுக்கும். இவ்வளவுதான் விஷயம். இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு நாளாக ஈரத்தைத் தேடுகிறார்கள். ஈரமே இல்லாத ஓட்டை அங்கே கிடக்கிறது.

மேலே கப்டன் ஏதோ சொன்னார். ரூபன் என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வா, மனிசன் என்ன சொல்றார் எண்டு கேள்."

நான் அபியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். இனிப் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று கப்டன் சொன்னார். நாளை மதியம் வரை பார்ப்போம், ஆனால் விமான ரிக்கற்றை இன்றே பார்த்து வைக்கிறேன் என்றார். "விமான ரிக்கற்றை இண்டைக்கே பாக்கப் போறாராம்," என்று நான் தமிழில் சொன்னேன்.

என் வாயிலிருந்து வந்தது அதுமட்டும்தான்.

"எனக்கு நாளைக்கு ஜும்ஆ," என்றார் நானா. "தொழுதிட்டுத்தான் வருவன். ஸ்பானர் எல்லாம் இஞ்சயே கிடக்கட்டும்."

சட்டைகள்

அன்று பின்னேரம் முழுவதும் நான் சந்தோசமாக இருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும். நான் மீன் குழம்பு வைத்தேன். அபியைக் குளிப்பாட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் என்ன மெக்கானிக்கா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் நினைத்தது பிழையாகக்கூட இருக்கலாம். பிழையான ஒன்றைச் சொல்லி அவர்களை இன்னும் குழப்புவானேன்?

வெள்ளிக்கிழமை காலையில் ரூபன் கட்டிலில் இருந்தபடி தன் பையைத் திறந்தார். அதை ஒரு கிழமைக்கு முன்பே அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சட்டையாக வெளியே எடுத்து, மடிப்புக் குலையாமல் அலுமாரியில் வைத்தார். சவரக்கத்தியை எடுத்தார். கடைசியில் அபியின் படத்தை எடுத்தார். கொண்டுபோவதற்காகச் சட்டத்திலிருந்து கழற்றிய படம். அதைத் திரும்பவும் சட்டத்துக்குள் செருகி, சரிந்து நிற்கிறதா என்று பார்த்து, சுவரில் மாட்டினார்.

"சரி," என்றார். "என்ர தலையில எழுதினது இவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

குசினிக்குப் போனேன். ஒரு ஸ்ட்ரோவில் ஊசியால் துளை போட்டேன். ஒரு கிளாஸில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதைக் குடியுங்கோ."

"என்ன விசர் விளையாட்டு இது?"

"ஒருக்கால் குடியுங்கோ."

உறிஞ்சினார். கர்ர் என்றது. நிறுத்தினார். ஸ்ட்ரோவைப் பார்த்தார். துளையில் விரல் வைத்து மூடிக்கொண்டு உறிஞ்சினார். தண்ணீர் வந்தது. விரலை எடுத்தார். கர்ர்.

"வெளிய ஒழுகாது. உள்ளுக்குத்தான் இழுக்கும்," என்றேன். "தாங்கிக்குப் பக்கத்தில நீங்கள் கம்பி சுத்தின இடம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிளாஸைத்தான் பார்த்தார். "உனக்கு எப்ப தெரியும்?"

"நேற்று. அபி பால் குடிக்கேக்க."

"நேற்றா? ஏன் அப்பவே சொல்லேல்ல?"

"சரியோ பிழையோ எண்டு தெரியேல்ல," என்றேன்.

நான் ஏன் சொன்னேன்? கடமை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்தப் படத்தை அவர் சுவரில் மாட்டிய விதம் என்றும் நினைத்ததுண்டு. இப்போதெல்லாம் வேறொரு சந்தேகம் வருகிறது. இரண்டு மெக்கானிக்குகளுக்குப் பிடிபடாதது எனக்குப் பிடிபட்டது என்று அவர் அறிய வேண்டும் என்ற ஆசையாகவும் இருந்திருக்கலாம். பட்டம் முடித்துவிட்டுத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பவளுக்கு அந்த ஆசை வராதா? புருஷனா கெட்டிக்காரி என்ற பெயரா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பேன்.

குசினியிலிருந்து போன கிளிப்

கடை திறக்க நேரமிருந்தது. குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் ஒன்று வேண்டும், திருகாணி வைத்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. குசினியில், காஸ் சிலிண்டரின் குழாயில். நானே சிலிண்டரை மூடிவிட்டு அதைக் கழற்றினேன். "மாமி, இண்டைக்கு விறகடுப்பில சமையுங்கோ," என்று ரூபனின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அபியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தரைப்பலகையைத் தூக்கினால் கட்டுக்கம்பி பளபளவென்று இருந்தது. ரூபனுக்கு அப்போதும் முழு நம்பிக்கை இல்லை. அபியின் துணி தோய்க்க நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் சவர்க்காரத்தில் ஒரு துண்டை வெட்டி, களிபோலப் பிசைந்து, அந்தப் பொருத்தைச் சுற்றி அப்பினேன். நான் லீவரை அடித்தேன், அவர் ஆணியைப் பிடித்தார். நுரை வந்தது. குமிழி வந்தது. குமிழி குறைந்தது. பிறகு சுத்தமான எண்ணெய், கண்ணாடிபோல.

அதற்குப் பிறகு ஒரு குமிழியும் இல்லை.

சவர்க்காரத்தைத் துடைத்தார். கம்பியை வெட்டி எறிந்தார். குழாயின் நுனியைப் புதிதாக வெட்டி, என் குசினிக் கிளிப்பைப் போட்டு முறுக்கினார். திரும்பவும் எயார் எடுத்தோம். சாவியைத் திருப்பினார்.

நான்காவது நிமிடம் வந்தபோது நான் அபியை மடியில் இறுக்கிக்கொண்டேன். நில், நில் என்று மனதுக்குள் சொன்னேன். வாயில் வந்தது, "ஓடுது, ஓடுது." ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அரை மணித்தியாலம்.

கப்டன் படியில் குந்தியிருந்து நல்ல கையால் தன் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: இவன் இதை எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேள்.

நான் ரூபனைப் பார்த்தேன். "எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டு கேட்கிறார்."

ரூபன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு விரலை, பிறகு அடுத்த விரலை.

"இரவிரவா யோசிச்சனான் எண்டு சொல்லு," என்றார்.

நான் சொன்னேன். இலக்கணப் பிழையில்லாமல், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். எங்கள் கப்டன் எழுந்து ரூபனின் தோளைக் கட்டிப் பிடித்தார். அபியைப் பார்த்து, உன் அப்பா பெரிய மூளைக்காரன் என்றார். அதையும் நான் தமிழில் அபிக்குச் சொன்னேன்.

சட்டைகளெல்லாம் திரும்பவும் பைக்குள் போயின. மூன்றரை மணிக்கு நங்கூரம் தூக்கினார்கள். தொழுதுவிட்டு வந்து, படகிலிருந்து தன் ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு இறங்கிய நஸீர் நானா என்னோடு கரையில் நின்றார். படகு சிறுத்துக்கொண்டே போனது.

"நல்ல சத்தம்," என்றார். பிறகு, "தரைப்பலகைக்குக் கீழ சவுக்காரம் கிடந்திச்சி. அது ரூபன்ட வேல இல்லியே புள்ள," என்றார்.

நான் அபியை மற்ற இடுப்புக்கு மாற்றினேன். அவர் அதைப் பிறகு கேட்கவில்லை.

மூன்று மாதம்

மூன்று மாதம் ஆறு மாதமாகியது. கப்டன் ஒரு தீவில் படகை விற்றார். சொன்னபடி ரிக்கற் எடுத்துக்கொடுத்தார் என்றும் கேள்வி. ரூபன் ஏறவில்லை. அங்கே படகு திருத்தும் இடமொன்றில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று பேர் பார்த்துக் கைவிட்ட ஒரு இஞ்சினில், காற்று எங்கே புகுகிறது என்று அரை மணித்தியாலத்தில் காட்டினாராம். அன்றே வேலைக்கு வரச் சொன்னார்களாம். போனில் இதை எனக்குச் சொன்னபோது அவருடைய குரலில் எந்தத் தயக்கமும் இல்லை.

விசாப் பேப்பர் கிடைத்ததும் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றார். இரண்டாம் வருடமும் பேப்பர் என்றார். முதலில் தினமும் கதைத்தார், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். இப்போது அபியின் பிறந்தநாளுக்கும் தைப்பொங்கலுக்கும்.

மாமி வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் சொல்வார்: "புருசனைப் பிடிச்சு வைக்கத் தெரியாதவ. படிப்பு மட்டும் இருக்கு." ஒருநாள் தாங்க முடியாமல் ஸ்ட்ரோவும் சவர்க்காரமும் கிளிப்பும் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். மாமி அரிசி களைந்த கையோடு நின்று கேட்டார்.

"அப்ப நீதான் அனுப்பினது," என்றார். பிறகு, "என்ர அடுப்பின்ர கிளிப்பையும் குடுத்தெல்லோ அனுப்பியிருக்கிறாய்," என்றார்.

ரூபனோடு கடைசியாகப் பெரிய சண்டை வந்தபோது அவர் சொன்னது வேறு. "நீ ஒரு நாள் முழுக்க ஒளிச்சு வச்சனீ. என்னை மறிக்கப் பாத்தனீ. எனக்குத் தெரியும்."

சொன்னதற்கு மாமி, சொல்லாததற்கு மகன். வீட்டுக்குள்ளேயே இரண்டு தீர்ப்பு.

போன மாதம் ரூபனின் மச்சான் ஒருவர் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அந்தப் படகு திருத்தும் இடத்தில் யாரோ எடுத்தது. ரூபன் கொஞ்சம் உடம்பு வைத்திருக்கிறார். நீல நிற வேலைச் சட்டை. முன்னால் இரண்டு புதிய வேலைக்காரர்கள். ஒரு கிளாஸில் தண்ணீர் வைத்திருக்கிறார். ஸ்ட்ரோவில் ஊசியால் துளை போடுகிறார். உறிஞ்சுகிறார். கர்ர். விரலால் மூடி உறிஞ்சுகிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். ரூபன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறார். இப்போது நன்றாகப் பேசுகிறார்.

அபி என் தோளில் தொங்கிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு இப்போது ஐந்து வயது.

"அப்பா என்னம்மா சொல்றார்?"

எனக்கு இரண்டு செக்கன் இருந்தது. எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"'இதை எனக்குச் சொல்லித் தந்தது என்ர மகள். ஒன்றரை வயசில' எண்டு சொல்றார்."

"நானா?" அபியின் கண் விரிந்தது. "நானா அப்பாக்குச் சொல்லிக் குடுத்தனான்?"

"ஓம், நீதான்."

அவள் வீடியோவைத் திரும்பப் போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாலாவது தடவை பார்க்கும்போது என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப நீங்களும் அங்க நிண்டனீங்களாம்மா?"

"ஓம்," என்றேன். "பால் பக்கற் நான்தான் உனக்குத் தந்தனான்."